கரிபாவின் காலடியில்

சில வருஷங்களுக்கு முன் ஓர் அணைக்கட்டைக் களமாக வைத்து நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. கதாநாயகன் ஓர் இஞ்சினீயர். காட்டு நதி ஒன்றை அடக்கப் புறப்படுகிறான். நதி அடங்க மறுக்கிறது. நடுவே ஒரு காதல். ஒரு வருஷத்துத் தொடர்கதைக்கு இது தாராளமாகப் போதும். உள்ளூர் அணை எதையாவது எழுதினால், அதைக் கட்டியவர்களின் பேரன்மார் பிழை திருத்திக் கடிதம் போடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். ஆகவே தூரத்து அணையாகத் தேடினேன். ஆப்பிரிக்காவில் ஜாம்பெஸி நதியின் குறுக்கே நிற்கும் கரிபா அணை அகப்பட்டது. குறிப்பு எடுத்து எடுத்து இரண்டு நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. நாவல் மட்டும் எழுதப்படவில்லை.

முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அந்த நதியின் தெய்வம். ஜாம்பெஸிப் பள்ளத்தாக்கில் வாழும் டோங்கா மக்கள் நியாமிநியாமி என்று அதைச் சொல்லுகிறார்கள். மீன் தலை, பாம்பு உடல். 1955-ல் கரிபா மலையிடுக்கில் அணை வேலை ஆரம்பமானபோது, தெய்வம் சுவருக்கு ஒரு பக்கமும் அதன் மனைவி மறு பக்கமுமாகப் பிரிந்து போவார்கள், தெய்வம் இதைப் பொறுக்காது என்று பேசிக்கொண்டார்களாம். 1957-ல் வெள்ளம் வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய வெள்ளம் என்று நிபுணர்கள் கணக்குச் சொல்லித் தேற்றிக்கொண்டார்கள். அடுத்த வருஷமே, 1958 மார்ச்சில், அதைவிடப் பெரியது வந்தது. நொடிக்கு 16,000 கன மீட்டர் ஜலம்! வேலைக்காகப் போட்டிருந்த தற்காலிக அணையைத் தாண்டிப் பாலத்தையும் அடித்துக்கொண்டு போயிற்று. இது பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை வருவது என்று கணக்கைத் திருத்தினார்கள்.

இதை அப்படியே நான் தொடர்கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர், "ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே ஸார்" என்று சிரித்துவிட்டுச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. இந்தக் கதையை அதிகமாகப் பரப்பியவர்கள் டோங்காக்களா, அல்லது அங்கே போய்த் தந்தி கொடுத்த பத்திரிகை நிருபர்களா? எப்படியிருந்தாலும் மீன் தலைப் பாம்பு செதுக்கிய கைத்தடிகள் இன்றைக்கும் கரிபாவில் உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்பனை ஆகின்றன. தெய்வத்தைப் பற்றிய வரையில் அணையால் வியாபாரம் விருத்தியாகியிருக்கிறது.

அணை எதற்காகக் கட்டப்பட்டது? ஒரே வார்த்தையில் சொன்னால், செம்புக்காக. 1953-ல் பிரிட்டிஷார் வடக்கு ரொடீஷியா, தெற்கு ரொடீஷியா, நியாஸாலாந்து என்ற மூன்று பிரதேசங்களைப் பிணைத்து ஒரு கூட்டாட்சியை உண்டாக்கியிருந்தார்கள். வடக்கே செம்புச் சுரங்கங்கள்; தெற்கே வெள்ளைக் குடியேறிகளின் பண்ணைகளும் தொழிற்சாலைகளும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. வடக்கத்தியார், தங்கள் எல்லைக்குள்ளேயே ஓடும் கஃபூவே நதியில் கட்டினால் செலவு குறையும் என்று மன்றாடினார்கள். 1955-ல் கூட்டாட்சி சர்க்கார் கரிபாவைத்தான் தேர்ந்தெடுத்தது. போதாக்குறைக்கு, முதல் மின்நிலையத்தை நதியின் தென்கரைப் பாறையைக் குடைந்து அதற்குள் வைத்தது. வடக்கே எரிகிற விளக்குக்குச் சாவி தெற்கே! இதன் பலன் பத்து வருஷத்தில் தெரிந்தது. 1964-ல் வடக்கு ரொடீஷியா ஜாம்பியா என்ற சுதந்திர நாடாயிற்று. 1965-ல் தெற்கே இருந்த வெள்ளைக்காரச் சர்க்கார் தன் இஷ்டப்படி சுதந்திரப் பிரகடனம் செய்துகொண்டு உலகத்தோடு சண்டைக்கு நின்றது. ஜாம்பியாவின் சுரங்கங்கள் ஓடுவதா நிற்பதா என்பதை எதிரியின் கரையில் உள்ள யந்திரங்கள் தீர்மானிக்கும் நிலை வந்தது. வடகரையில் ஜாம்பியா தனக்கென ஒரு மின்நிலையத்தை ஓட்ட 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி என் கதாநாயகன். நிஜத்தில் அவர் பெயர் ஆந்த்ரே குவான், பிரெஞ்சுக்காரர், வளைவு அணைகள் கட்டுவதில் அந்தக் காலத்தில் அவருக்கு நிகர் வெகு சிலரே. நம் பக்கத்து அணைகள் பெரும்பாலும் தங்கள் எடையினாலேயே ஜலத்தைத் தடுத்து நிற்பவை. மேட்டூர் அப்படித்தான். வளைவு அணையின் சங்கதி வேறு. ஜலத்தை நோக்கி வளைந்திருக்கும் மெல்லிய சுவர், தன் மேல் விழும் பாரத்தை இரு கரைகளிலும் உள்ள பாறைகளுக்குத் தள்ளிவிடுகிறது. முட்டையை நுனிகளில் பிடித்து உள்ளங்கைகளால் நசுக்கிப் பாருங்கள், லேசில் உடையாது, அதே மாதிரி. கான்க்ரீட் மிச்சம், காசும் மிச்சம். ஆனால் அந்தச் சுவர் நிற்பது மலையின் தயவில். மலை கொஞ்சம் நகர்ந்தால் சுவருக்குப் போக்கிடம் கிடையாது.

கரிபாவில் அந்தச் சுவரின் உயரம் 128 மீட்டர். நீளம் 600 மீட்டருக்கு மேல். கட்டியவர்கள் இத்தாலியக் கம்பெனிக்காரர்கள். கல் சுமந்தவர்களும் கலவை கொட்டியவர்களும் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். வேலையில் 86 பேர் இறந்தார்கள். மலைமேல் அவர்களுடைய நினைவாக இத்தாலியர்கள் கட்டிய சிறு தேவாலயம் ஒன்று இருக்கிறது. 1958 டிசம்பரில் நதியை அடைத்தார்கள். 1959 முடிவதற்குள் முதல் யந்திரம் சுழன்றது. 1960 மே 17-ந் தேதி பிரிட்டிஷ் ராஜமாதா வந்து திறப்பு விழா நடத்தினார். ஏரி நிரம்ப 1963 ஆயிற்று. 280 கிலோமீட்டர் நீளம். கொள்ளளவில் மனிதன் உண்டாக்கிய ஏரிகளில் இதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. நிரம்பிய மேட்டூர் ஏரிகள் அறுபதை அதற்குள் ஊற்றினாலும் இடம் மிஞ்சும்.

இந்த வெற்றி வரலாற்றின் நடுவே என் நோட்டில் சிவப்புக் கோடிட்ட தேதி ஒன்று இருக்கிறது. 1959 டிசம்பர் 2. அன்று இரவு பிரான்ஸின் தெற்கே மல்பாஸே என்ற வளைவு அணை ஒரு நொடியில் உடைந்தது. கீழே இருந்த ஊர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த அணையை வடிவமைத்தவரும் குவான்தான். விசாரணையில் சுவரில் குற்றமில்லை என்று தெரிந்தது. இடது கரைப் பாறைக்குள் யாரும் காணாத பிளவு இருந்தது, அதில் புகுந்த ஜலம் பாறையை நெம்பிவிட்டது. ராஜமாதா கரிபாவைத் திறந்து வைத்த சில வாரங்களில், 1960 ஜூலையில், குவான் காலமானார். கரிபாவின் தென்கரையிலும் பாறை அவ்வளவு திடமில்லை என்று பிற்பாடு கண்டுபிடித்து, பெரிய கான்க்ரீட் முட்டுகளைக் கொடுத்து மலையைப் பலப்படுத்தினார்கள். ஏரி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே இந்த வேலை நடந்தது. அந்த மாதங்களில் அங்கே இருந்த இஞ்சினீயர்கள் எப்படித் தூங்கினார்கள் என்பதுதான் நான் எழுத ஆசைப்பட்ட அத்தியாயம்.

ஏரி நிரம்பியது என்றேன். எதன்மேல் நிரம்பியது?

சுமார் 57,000 டோங்காக்கள் நதியின் இரு கரைகளிலும் குடியிருந்தார்கள். வருஷத்தில் இரண்டு விளைச்சல் அவர்களுக்கு: மழையை நம்பி ஒன்று, வெள்ளம் வடிந்த பின் கரையில் தங்கும் வண்டலில் ஒன்று. மழை பொய்த்த வருஷம் வண்டல் காப்பாற்றும். அந்த வண்டல் நிலம் முழுவதும் ஏரிக்கு அடியில் போயிற்று. லாரிகளில் ஏற்றி மேட்டு நிலங்களில் இறக்கிவிடப்பட்டார்கள். தென்கரையில் இருந்தவர்களுக்கு ஆற்றிலிருந்து வெகு தொலைவில் மணற்பாங்கான காடு வாய்த்தது. வடகரையில் ஓர் ஊர்க்காரர்கள் நகர மாட்டோம் என்று ஈட்டிகளோடு நின்றார்கள். 1958 செப்டம்பர் 10-ந் தேதி போலீஸார் சுட்டதில் எட்டுப் பேர் செத்தார்கள். பிறகு மற்றவர்கள் லாரியில் ஏறினார்கள். புதிய குடியிருப்பு ஒன்றில், போய்ச் சேர்ந்த ஒரு வருஷத்துக்குள் இன்னதென்று தெரியாத நோய் கண்டு பெண்களும் குழந்தைகளும் மடிந்தார்கள்.

அதே சமயத்தில் உலகப் பத்திரிகைகள் கரிபாவைப் பற்றி உருகி உருகி எழுதின. வேறொரு காரணத்துக்காக. ஜலம் ஏற ஏறக் குன்றுகள் தீவுகளாகி, அவற்றில் மிருகங்கள் மாட்டிக்கொண்டன. ரூபர்ட் ஃபாதர்கில் என்ற வனத்துறை அதிகாரி ஒரு சிறு கூட்டத்தோடு படகுகளில் போய் மான், காட்டுப்பன்றி, காண்டாமிருகம், பாம்பு வரைக்கும் பிடித்துக் கரை சேர்த்தார். இதற்கு ‘நோவாவின் முயற்சி’ என்று பெயர். ஆயிரக் கணக்கான பிராணிகள் பிழைத்தன. மயங்கிய காண்டாமிருகத்தைத் தெப்பத்தில் வைத்து இழுத்துப் போகும் படங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதருடைய தீரத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் லாரியில் போன 57,000 பேருக்கு விவிலியத்திலிருந்து யாரும் ஒரு பெயர் தேடவில்லை.

அவர்களைக் கவனித்தவர்கள் இரண்டு பேர். எலிஸபெத் கோல்ஸன், தேயர் ஸ்கட்டர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர்கள். டோங்காக்கள் இடம் பெயர்வதற்கு முன்பே, 1956-ல், அங்கே போய் வீடு வீடாக விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அதோடு நிறுத்தவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அதே குடும்பங்களை, பேரன் பேத்திகள் வரை, திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஸ்கட்டர் ஆரம்பத்தில் அணைகளுக்கு விரோதி அல்ல. சரியாகச் செய்தால் எல்லோருக்கும் நன்மை உண்டு என்று நம்பியவர். ஐம்பத்தெட்டு வருஷம் பார்த்த பிறகு, 2014-ல், பெரிய அணைகள் கொடுக்கிற விலைக்குத் தகாதவை என்ற முடிவுக்கு வந்தார். கோல்ஸன் அம்மையார் ஜாம்பியாவிலேயே தங்கி 2016-ல் 99-வது வயதில் அங்கேயே காலமானார்.

இந்த இடத்தில் நாவல் ஒரு தரம் நின்றது. கதாநாயகனுக்கு எதிராக யாரை நிறுத்துவது என்று தெரியவில்லை. லாரிக்கு உத்தரவு போட்ட அதிகாரியை வில்லனாக்கலாம் என்றால், அந்த மின்சாரத்தில் ஓடிய ஆஸ்பத்திரிகளை என்ன செய்வது? பிறகு இரண்டாவது நோட்டைத் திறந்தேன். அது குழியைப் பற்றியது.

ஏரியில் ஜலம் மிகுந்தால் வெளியேற்ற, சுவரின் மேற்பகுதியிலேயே ஆறு பெரிய மதகுகள் வைத்திருக்கிறார்கள். திறந்தால் ஆறு வெள்ளை அருவிகள் ஆகாயத்தில் பாய்ந்து, சுவரின் காலடிக்குச் சற்றுத் தள்ளி ஆற்றில் விழும். அங்கே இருப்பது கெட்டிப் பாறை. தாங்கும் என்று நினைத்தார்கள். தாங்கவில்லை. ஆற்று ஜலம் விழும் வேகத்தில் பாறையின் இடுக்குகளில் புகுந்து துண்டு துண்டாகப் பிடுங்கி எறிந்தது. 1962 முதல் 1981 வரை மதகு திறந்த ஒவ்வொரு பருவத்திலும் குழி ஆழமாயிற்று. கடைசியில் அளந்தபோது ஆழம் சுமார் 80 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைத் தூக்கி உள்ளே வைத்தால் கலசமும் முழுகிப் போகும். ஆழத்தைவிடப் பயம் தருவது அதன் போக்கு. குழியின் விளிம்பு, அணை நிற்கும் அடித்தளத்தை நோக்கி மெதுவாகப் பின்வாங்க ஆரம்பித்திருந்தது. ஏரி வழிந்துவிடாமல் அணையைக் காப்பதற்காக மதகு வைத்தார்கள். மதகு அணையின் காலடியைத் தோண்டியது.

வைத்தியம் என்ன? குழியைக் கான்க்ரீட் போட்டு மூடவேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றிற்று, வாசகர்களுக்கும் தோன்றும். ஆனால் இஞ்சினீயர்கள் நேர் எதிராகச் செய்தார்கள். குழியை இன்னும் பெரிதாக்கினார்கள்! உள்ளே விழும் ஜலம் சுழன்று அணைப்பக்கத்துச் சுவரில் மோதுவதால்தான் தோண்டல். ஆகவே குழியை அணைக்கு எதிர்த் திசையில், ஆறு போகும் பக்கமாக, நீட்டிச் சரிவாக்கிவிட்டால் ஜலம் தன் வேகத்தை அந்தப் பக்கம் செலவழித்துவிட்டுப் போய்விடும் என்பது கணக்கு. முதலில் சிறு மாதிரி அணை செய்து ஜலம் விட்டுப் பரீட்சை பார்த்தார்கள். ஐரோப்பியக் கூட்டமைப்பு, உலக வங்கி, ஆப்பிரிக்க அபிவிருத்தி வங்கி, ஸ்வீடன் எல்லோருமாகச் சேர்ந்து, 2014-ல் சுமார் 30 கோடி டாலருக்கு ஏற்பாடு ஆயிற்று. 2017-ல் வேலை துவங்கியது. குழிக்குக் கீழே ஒரு தற்காலிக அணை போட்டு, ஜலத்தை இறைத்துவிட்டு, அடியில் ஆட்கள் இறங்கிப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெடி வைத்துச் செதுக்கினார்கள். வெடியும் ஜாக்கிரதையாக வைக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் உலகத்திலேயே பெரிய ஏரியை ஒரு சுவர் தாங்கிக்கொண்டு நிற்கிறதல்லவா?

மூப்பு வேறு விதமாகவும் காட்டுகிறது. சுவரின் கான்க்ரீட்டில் கலந்த ஜல்லிக்கும் சிமெண்டிலுள்ள காரத்துக்கும் ரஸாயன விவகாரம் ஏற்பட்டு, கான்க்ரீட் வருஷக் கணக்கில் மெல்ல வீங்கி வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வீக்கம்தான். ஆனாலும் மதகுக் கதவுகள் ஏறி இறங்கும் சட்டங்கள் கோணிக்கொள்ள அது போதும். வெள்ளக் காலத்தில் ஒரு கதவு மூட மறுத்தாலும் ஆபத்து, திறக்க மறுத்தாலும் ஆபத்து. ஆகவே மதகுகளைப் புதுப்பிப்பதும் அந்த 30 கோடித் திட்டத்தில் ஒரு பாதி. ஏரியின் பாரம் பூமியையே அசைத்ததும் உண்டு. ஏரி நிரம்பிய அதே 1963-ல், செப்டம்பரில், 6 ரிக்டருக்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஏற்பட்டது. அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. தெய்வம் மனைவியைப் பார்க்க முட்டுகிறது என்று பேசினார்களாம். பூகம்ப சாஸ்திரிகள் ஜலத்தின் அழுத்தம் என்றார்கள்.

ஒருவேளை சுவர் போனால் என்னவாகும் என்பதையும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அலை கீழே இறங்கி மொஸாம்பிக்கில் இருக்கும் கபோரா பாஸா அணையையும் மோதிச் சாய்க்கக்கூடும். சுமார் 35 லட்சம் ஜனங்கள் அதன் பாதையில் இருப்பதாக மதிப்பு. இரண்டு மூன்று நாடுகளின் மின்சாரம் ஒரே இரவில் போகும். இந்த எண்களைப் படித்ததும் அணை நாளைக்கே விழப்போகிறது என்று பதறி எழுதிய பத்திரிகைகளும் உண்டு. அது அநியாயம். அணையை ஆராய்ந்தவர்கள் சொன்னது, சும்மா விட்டால் ஆபத்து முற்றும் என்பதுதான், சும்மா விடவுமில்லை.

நன்மைகளை நான் குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. இரு கரைகளிலும் விஸ்தரிப்புகள் நடந்து, மொத்தம் 2,000 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தி செய்யக்கூடிய யந்திரங்கள் இன்று கரிபாவில் இருக்கின்றன. ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் அதில்தான் வளர்ந்தன. 1960-களின் பிற்பகுதியில் டாங்கனீக்கா ஏரியிலிருந்து கபென்டா என்ற சுண்டுவிரல் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பல்கிப் பெருகி ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. நம் நெத்திலியைப் போல் காயவைத்து ஏழைகள் வாங்குகிறார்கள். இரவில் விளக்கு வைத்து மீனைக் கவரும் படகுகள் ஏரியெங்கும் மினுங்குமாம். கரையேறி மேட்டுக்குப் போன டோங்கா ஊர்கள் பலவற்றில்தான் அணை கட்டிப் பல பத்தாண்டுகளாகியும் விளக்கு வரவில்லை. உயரமான கம்பிகள் அவர்களுடைய வானத்தின் வழியே செம்புச் சுரங்கங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன.

இவ்வளவும் ஜலம் அதிகமானால் வரும் தொல்லைகள். சமீப காலத்தில் கரிபாவைப் பிடித்திருப்பது வேறு தொல்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு வேண்டும். ஏரி எவ்வளவு ஆழமானாலும் யந்திரங்களுக்குப் பயன்படுவது மேலே உள்ள 13 மீட்டர் ஜலம்தான். கடல் மட்டத்துக்கு மேல் 475.50 மீட்டர் என்ற கோட்டுக்குக் கீழே ஏரி இறங்கினால் யந்திரங்களை நிறுத்தியாக வேண்டும். அப்போதும் கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் ஜலமாகவே தெரியும்! 2022 நவம்பரில், பயன்படும் ஜலம் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லாமற் போய், தென்கரை மின்நிலையத்தை நிறுத்தும்படி இரு நாடுகளின் பொது ஸ்தாபனமான ஜாம்பெஸி நதி ஆணையம் ஜிம்பாப்வேக்கு எழுதிற்று. 2024-ல் மழை அடியோடு பொய்த்தது. அந்த வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி ஜாம்பியாவின் ஜனாதிபதி வறட்சியைத் தேசிய விபத்தாகப் பிரகடனம் செய்தார். பிறகு பல மாதங்கள் அங்கே நகரங்களில்கூட நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. தையற்காரர்கள், முடிதிருத்துவோர், மாவு அரைப்பவர்கள் எல்லோரும் நடுநிசியில் கரண்டு வரும் ஒரு சில மணி நேரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அதே மாதங்களில் அணையின் காலடியில், ஜலம் இறைத்த குழிக்குள், பாறை செதுக்குகிறவர்களுக்கு வேலை நிம்மதியாக நடந்திருக்கும். மேலே மதகு திறக்க வேண்டிய அவசியமே இல்லையே.

ஜாம்பெஸி நதி ஆணையம் ஏரியின் மட்டத்தை அளந்து வெளியிட்டு வருகிறது. நாவலை நிறுத்திய பிறகும் அதைப் பார்க்கிற பழக்கம் எனக்கு விடவில்லை. காப்பி குடித்துக்கொண்டே 475.50-க்கு மேல் எத்தனை மீட்டர் என்று பார்ப்பேன். இந்த வாரம் எத்தனை மணி நேரம் விளக்கு எரியும் என்று லுஸாகாவில் ஒரு தையற்காரர் அதே எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்.